பணம் தராதவரின் வெப்சைட்டை நிறுத்திவிடலாமா?

கடிதம்

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 28 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பி.சி.ஏ. படித்தவர். பெங்களூரில் ஒரு வெப் டிசைன் நிறுவனத்தில் 4 வருடம் வேலை பார்த்தார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. குழந்தைக்கு இப்போது 3 வயது. போன வருடம் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து, வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். முதல் வேலை, சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் உறவினருக்கு. அதற்குக் காசு வாங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு மாங்கூழ் வியாபாரி ஒருவர் கூப்பிட்டார். 35,000 ரூபாய் என்று பேச்சு. ஜிபே-யில் 10,000 அட்வான்ஸ் வந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து தமிழிலும் ஆங்கிலத்திலுமாகச் செய்து கொடுத்தார். பிப்ரவரியில் சைட் ஓட ஆரம்பித்தது. மீதி 25,000 இன்னும் வரவில்லை. கேட்டால் “சீசன் முடியட்டும்மா, தர்றேன்” என்று வாட்ஸ்அப்பில் பதில். சீசனும் முடிந்துவிட்டது. ஆனால் “இந்தப் படத்தை மாத்துங்க, அந்த நம்பரை மாத்துங்க” என்பது மட்டும் நிற்கவில்லை.

டொமைனையும் (சைட்டின் இணைய முகவரி) ஹோஸ்டிங்கையும் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடம்) வாசகி தன் பெயரில், தன் கார்டில் வாங்கியிருக்கிறார். அதற்கே 6,500 ரூபாய். “சைட்டை ஆஃப் பண்ணிடுங்க, தானா ஓடி வருவாங்க” என்கிறார் கணவரின் நண்பர். எழுதி வாங்காததால் கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது, இது ஒன்றுதான் வழி என்பது வாசகியின் எண்ணமும்.

அடுத்து, பெங்களூரில் ஒரு டியூஷன் சென்டர் வேலை கொடுக்கத் தயாராக இருக்கிறது. பில் வேண்டும் என்கிறார்கள். அதற்குக் கம்பெனி பதிவும் ஜிஎஸ்டியும் கட்டாயம், எல்லாம் சேர்த்து 18,000 ஆகும் என்று ஒரு ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். இன்னொரு பக்கம், பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர் தானாகவே போன் செய்து வேலை கேட்கிறார். ஆனால் வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட கடிதத்தில், விலகி 2 வருடத்துக்கு அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யக் கூடாது என்று இருக்கிறது. கடைசியாக எழுதியிருப்பது: “வீட்டில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டு இருப்பதற்கு ஓசூரில் ஏதாவது கம்பெனிக்குப் போகலாமே என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்லட்டும்?”

பதில்

சகோதரி, உங்கள் கையில் மீதி நின்ற பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10,000-இல் 6,500 போனால் 3,500. இரண்டு மாத வேலைக்கும், அதற்கு அப்புறம் 7 மாதம் இலவசமாகச் செய்து கொடுத்த மாற்றங்களுக்கும் சேர்த்து 3,500 ரூபாய். உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தில் சைட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-வது பிரிவு, பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினி அமைப்பில் உள்ள தகவலை அழிப்பது, மாற்றுவது, உரிமை உள்ளவர் அதைப் பயன்படுத்த முடியாமல் தடுப்பது ஆகியவற்றைத் தவறு என்கிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “ஹோஸ்டிங் கணக்கு என் பெயரில்தானே இருக்கிறது, பணமும் நான்தானே கட்டினேன்” என்று நீங்கள் கேட்கலாம். அது நல்ல வாதம்தான், உங்களுக்காக நானே அதை வாதாடுவேன். ஆனால் அந்த வாதத்தை நீங்கள் எங்கே நின்று சொல்ல வேண்டிவரும் என்று யோசியுங்கள். இன்று அவர் உங்களுக்கு 25,000 தர வேண்டியவர். நீங்கள் சைட்டை நிறுத்திய மறுநாள் அவர் புகார்தாரர், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். ‘ஏற்றுமதி ஆர்டர் போச்சு’ என்று அவர் ஒரு பெரிய தொகையைச் சொன்னால், உங்கள் 25,000 பேச்சிலேயே இருக்காது.

நிறுத்த வேண்டியது உங்கள் இலவச உழைப்பை. அதை இன்றே நிறுத்துங்கள், யாரும் கேள்வி கேட்க முடியாது. ஹோஸ்டிங் புதுப்பிக்கும் தேதி வரும்போது, ஒரு மாதம் முன்னாலேயே எழுதுங்கள்: இந்தத் தேதியோடு ஹோஸ்டிங் முடிகிறது, புதுப்பிக்கும் செலவு உங்களுடையது, அதற்குள் சைட்டின் முழு நகலை (பேக்கப்) வாங்கிக்கொள்ளலாம் என்று. அதற்கு மேலும் அவர் பணம் தராமல் சைட் நின்றுபோனால், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சொந்தச் செலவைத் தொடராமல் விட்டவர் என்றுதான் உங்களைச் சொல்ல முடியும். திடீரென்று பூட்டியதாகச் சொல்ல முடியாது.

டொமைன் உங்கள் பெயரில் இருப்பது பலம் அல்ல

டொமைன் கையில் இருக்கிறது, அதுதான் பிடி என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த டொமைனில் இருப்பது அவருடைய வியாபாரப் பெயர். வணிகப் பெயருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று சத்யம் இன்ஃபோவே எதிர் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் வழக்கில் 2004-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் கார்டில் வாங்கப்பட்டது என்பதை மட்டும் வைத்து இது முடிவாகாது.

இதன் மறுபக்கத்தை நான் அனுபவித்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தம்பி வெப்சைட் செய்து கொடுத்தார். நல்ல வேலைக்காரர். டொமைனைத் தன் மெயில் முகவரியிலேயே வாங்கியிருந்தார். இரண்டு வருடம் கழித்து அவர் வெளிநாடு போய்விட்டார், போன் நம்பர் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் அவருக்கே போயின. டொமைன் காலாவதியாகி, வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டு, லெட்டர்பேட், பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் அந்த முகவரி அச்சாகியிருந்தது. அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. முதல் நாளே என் பெயரில் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

அதனால் இனிமேல் டொமைனை வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மெயிலில், அவருடைய கார்டில், அவர் முன்னாலேயே வாங்குங்கள். உங்கள் கைக்காசும் முடங்காது. இந்த வியாபாரியின் டொமைனை ஒப்படைப்பின்போது மாற்றிக் கொடுத்துவிடலாம்.

எழுதி வாங்காவிட்டால் ஒப்பந்தம் இல்லையா?

வாரம் ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால்தான் ஒப்பந்தம் என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது. நிலம் வாங்குவது, விற்பது போன்ற சிலவற்றுக்கு எழுத்தும் பதிவும் வேண்டும். வேலை செய்து கொடுப்பதற்கு வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். மின்னணு வழியில் பேசி முடித்த ஒப்பந்தமும் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது.

உங்களிடம் என்னென்ன இருக்கிறது பாருங்கள். 10,000 வந்த யுபிஐ பதிவு. “35-க்கு முடிச்சுக்கலாம்” என்று அவர் அனுப்பிய செய்தி. ஓடிக்கொண்டிருக்கும் சைட். எல்லாவற்றையும்விட, “சீசன் முடியட்டும்மா, தர்றேன்” என்ற அந்த வரி. உங்களை அலைக்கழித்த அதே வரிதான் உங்களுக்கு நல்ல சாட்சி. தர வேண்டியது இருக்கிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த போனை மாற்றாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழோடு இவற்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியும்.

வேலை முடிந்ததிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 7 மாதம்தான் ஆகியிருக்கிறது, பதற்றம் வேண்டாம். போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடி. அட்வான்ஸ் கொடுத்தவர், தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் மீது அதைக் காட்டுவது கடினம். இது சிவில் பாக்கி.

அவரைப் பற்றியும் கொஞ்சம் யோசித்தேன். மாங்காய் வியாபாரத்தில் நம் மாவட்டத்தில் பணம் சீசனை ஒட்டித்தான் புரளும். பெங்களூரா ரக மாங்காய் போட்ட விவசாயி, லாரிக்காரர், டின்காரர் என்று ஒரு வரிசை நிற்கும். வரிசையில் யார் அழுத்திக் கேட்கிறார்களோ அவர்களுக்கு முதலில் போகும். தேதி போட்டுக் கேட்காத நீங்கள் கடைசியில் நிற்கிறீர்கள். அவர் ஏமாற்றுக்காரராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் முதல் அடி நோட்டீஸாக இருக்க வேண்டாம். இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

“அண்ணா வணக்கம். உங்கள் வெப்சைட் வேலைக்கு 35,000 பேசினோம். 10,000 வந்தது. மீதி 25,000 பாக்கி. பிப்ரவரியிலிருந்து சைட் ஓடிக்கொண்டிருக்கிறது. மீதியை இந்த மாதம் 30-ம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் இரண்டு தவணைக்குத் தேதி சொல்லுங்கள். கணக்கை முடிக்கும்போதே டொமைனையும் பாஸ்வேர்டுகளையும் உங்கள் பேருக்கு மாற்றி ஒப்படைத்துவிடுகிறேன். இனி புது மாற்றங்களுக்குத் தனிக் கட்டணம்.”

இதில் மிரட்டல் இல்லை. ஆனால் மொத்தத் தொகை, வந்தது, பாக்கி, முடிந்த தேதி எல்லாம் எழுத்தில் வந்துவிட்டன. அவர் “சரிம்மா” என்று ஒரு வார்த்தை போட்டால் அதுவே ஒப்புதல். செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது திரும்பி வந்தால், வங்கி தகவல் சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு. இந்தத் தேதிகளைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

30-ம் தேதியும் தாண்டிவிட்டால் நேராக வழக்குக்குப் போக வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இன் 12-வது பிரிவின்படி, பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று தேவையில்லை. இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. கிருஷ்ணகிரி போன்ற ஊரில் ‘கோர்ட்டிலிருந்து கடிதம்’ என்றாலே பாதி பாக்கி தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதிலும் முடியாவிட்டால்தான் சிவில் வழக்கு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், உங்கள் தொகைக்கு 750 ரூபாய். கட்டணம் குறைவுதான், ஆனால் அலைச்சலும் நாட்களும் அதிகம். அதனால் அதைக் கடைசியில் வையுங்கள்.

அந்த 18,000-ஐக் கொடுக்காதீர்கள்

தனி ஆளாக வேலை செய்து பில் போட, கம்பெனி பதிவு தேவையே இல்லை. உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் வரும் வருமானம் அது, அவ்வளவுதான். பில்லில் உங்கள் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, என்ன வேலை, எவ்வளவு தொகை என்பவை இருந்தால் போதும்.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ‘வேறு மாநிலத்துக்கு வேலை செய்தால் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி’ என்று ஏஜெண்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் மாநிலம் மாறிவிடுகிறது என்பதால், நம் பக்கத்தில் இந்தப் பயம் அதிகம். பொருள் விற்பவர்களுக்கு அந்த விதி பொதுவாகப் பொருந்தும். சேவைக்கு 2017 அக்டோபரிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை பெங்களூருக்கும் செய்யலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டுப் பணம் வசூலிக்கக் கூடாது. டியூஷன் சென்டர்காரர் ‘எங்களுக்கு இன்புட் கிரெடிட் (கட்டிய ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காதே’ என்றால், 18 சதவீதம் வரியே அவர்கள் கட்டப்போவதில்லை, அதனால் திரும்ப எடுக்கவும் ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்.

நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டிய பதிவு ஒன்று உண்டு. உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் செய்பவராக மத்திய அரசிடம் பதிந்துகொள்வது. ஆதாரும் பானும் போதும், அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், சிறுதொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் (எம்எஸ்எம்இ சட்டம்). அதன்படி, பதிவு செய்த குறுந்தொழில் செய்பவருக்கு, எழுதிக்கொண்ட தவணை எதுவாக இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவணை எதுவும் எழுதாவிட்டால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இணையத்திலேயே மனுப் போட்டு, இதற்கென்று உள்ள வசதி மன்றத்தில் கேட்கலாம். மேலும், காலத்தில் தராத தொகையை, அதைத் தந்த ஆண்டில்தான் உங்களிடம் வேலை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். பில்லில் உங்கள் உத்யம் எண் இருந்தால், அவருடைய ஆடிட்டரே “இதை முதலில் கொடுத்துவிடுங்கள்” என்பார். பதிவுக்கு முன்னால் செய்த வேலைக்கு இந்த வழியை நம்ப முடியாது. மாங்கூழ் வியாபாரி விஷயத்தில் இது உதவாது, டியூஷன் சென்டருக்கு உதவும். அந்த வேலையைத் தொடங்கும் முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.

வருமான வரி பற்றிப் பயம் வேண்டாம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ரிட்டர்ன் போடுங்கள். யாராவது பணம் தரும்போதே வரி (டிடிஎஸ்) பிடித்திருந்தால் அது அப்படித்தான் திரும்ப வரும். நாளைக்கு வங்கியில் கடன் கேட்டாலும் அதைத்தான் பார்ப்பார்கள்.

பழைய நிறுவனத்தின் நிபந்தனை

வேலையை விட்ட பிறகு ஒருவர் தன் தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. குழந்தை பிறந்ததும் விலகியவர் நீங்கள், அந்த 2 வருடமும் முடிந்துவிட்டது. அந்த வரியைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நீங்களே அழைத்தால், ரகசியத் தகவலைப் பயன்படுத்தியதாக வேறு வழியில் வழக்கு வரலாம். இவர் தானாக அழைத்தவர். அவரிடமிருந்து ஒரு மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை தந்தது நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன இன்னொரு வரி: ‘அங்கே நான் செய்த டிசைன்கள் என் லேப்டாப்பில் இருக்கின்றன, அவற்றை மாற்றி மாற்றி உபயோகிக்கிறேன்.’ வேண்டாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது செய்த படைப்பின் காப்புரிமை, மாறாக எழுதிக்கொள்ளாதவரை முதலாளிக்கு என்கிறது 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. 2 வருட நிபந்தனையால் வராத ஆபத்து இதனால் வரும். கற்றுக்கொண்டதை வைத்துப் புதிதாகச் செய்யுங்கள், அந்தக் கோப்புகளைத் தொடாதீர்கள்.

அதே சட்டம் இப்போது உங்கள் பக்கம் நிற்கிறது. நீங்கள் யாருக்கும் ஊழியர் இல்லை. அதனால் நீங்கள் வரைந்த வடிவமைப்பும் எழுதிய கணினி நிரலும், எழுத்து மூலம் மாற்றித் தரும்வரை உங்களுடையவை.

டியூஷன் சென்டருக்கு என்ன எழுதுவது

ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். ஒரு மெயில், அதற்கு “சம்மதம்” என்று அவர்களின் பதில். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் இவை இருக்கட்டும்.

*பணம்.* பாதி முன்னால். டிசைனைக் காட்டி அவர்கள் சரி என்றதும் இன்னொரு பகுதி. மீதியை, சைட்டை அவர்களின் டொமைனில் ஏற்றுவதற்கு முன்னால் வாங்குங்கள், ஏற்றிய பிறகு அல்ல. மாங்கூழ் வியாபாரி விஷயத்தில் நீங்கள் விட்ட இடம் இதுதான். அதுவரை உங்கள் பக்கத்துச் சோதனை முகவரியில் காட்டினால் போதும். ‘முழுத் தொகை வந்த பிறகே வடிவமைப்பின் உரிமை உங்களுக்கு மாறும்’ என்ற வரி கட்டாயம் வேண்டும். காலமும் இடமும் சொல்லாமல் உரிமையை மாற்றினால் 5 வருடத்துக்கு, இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் ‘நிரந்தரமாக, எல்லா நாடுகளுக்கும்’ என்று சேர்த்துவிட்டால் அவர்களுக்கும் திருப்தி.

*எல்லை.* எத்தனை பக்கம், எந்தெந்த மொழி, எத்தனை தடவை கரெக்‌ஷன். இரண்டு தடவை என்று எழுதினால் மூன்றாவது தடவைக்குக் கட்டணம் கேட்க வாய் கூசாது. விஷயத்தையும் படங்களையும் எந்தத் தேதிக்குள் அவர்கள் தர வேண்டும் என்பதையும் போடுங்கள். பாதி வேலைகள் அங்கேதான் தேங்கி நிற்கின்றன.

*படம், எழுத்துரு, தீம்.* கூகுளில் கிடைத்த படத்தைப் போட்டால் நோட்டீஸ் வாடிக்கையாளருக்கு வரும், அவர் உங்களைக் கைகாட்டுவார். அவர்களின் வகுப்பறையைப் போனில் எடுத்த படமே மேல். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டிய ‘தீம்’ எனும் ஆயத்த வடிவமைப்பைத் திருட்டுப் பிரதியாக இறக்காதீர்கள். அதில் ஒளிந்து வரும் வைரஸுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டில் என்ன சொல்வது

சட்டப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஒரு வருடத்தில் இரண்டு வேலை, அதில் ஒன்று இலவசம். உங்கள் வீட்டார் கேட்பதில் அக்கறை இருக்கிறது. அதே சமயம், 3 வயதுக் குழந்தையை விட்டுவிட்டு தினமும் ஓசூருக்குப் போக வர 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. அதையும் கணக்கில் எழுதுங்கள். ஒரு நோட்டில் வரவு, செலவு, செலவழித்த மணி நேரம் மூன்றையும் எழுதி, மாதக் கடைசியில் கணவரை உட்காரவைத்துக் காட்டுங்கள். ஆறு மாதம் கொடுங்கள் என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் வரவு தேறவில்லை என்றால் பகுதி நேரமாக வைத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பதில் தோல்வி எதுவும் இல்லை.

வாடிக்கையாளருக்கு வெகுதூரம் தேட வேண்டாம். கிரானைட் பட்டறைகள், சந்தூர் நர்சரிகள், ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர்கள் என்று வெளியூர் வியாபாரம் செய்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். உறவினர் நர்சரிக்கு இலவசமாகச் செய்தீர்களே, அதைக் காட்டியே கேளுங்கள். ஆனால் இன்னொரு இலவசம் வேண்டாம். புது லேப்டாப்புக்கு இப்போது கடன் வேண்டாம். “டெபாசிட் கட்டினால் மாதாமாதம் புராஜெக்ட் தருகிறோம்” என்று போனிலோ டெலிகிராமிலோ யார் வந்தாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

அந்த வியாபாரி 30-ம் தேதிக்குள் பதில் சொல்லாவிட்டால், கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு வேலை நாளில் போங்கள். வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்ட், 10,000 வந்ததைக் காட்டும் வங்கிப் பக்கம், டொமைன் வாங்கிய ரசீது, ஆதார் நகல், சைட்டின் முதல் பக்கத்தின் பிரிண்ட் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.